கதைக்கு ஒரு பழமரம் செய்வது எப்படி: மலையடிவாரத்துச் சாமப்பாலை

கதையிலோ, சித்திரக்கதையிலோ, கம்ப்யூட்டர் விளையாட்டிலோ உலகத்தில் இல்லாத ஒரு பழமரத்தை நட நினைப்பவர்கள் பெரும்பாலும் பழத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நீல நிறம், தேன் சுவை, இருட்டில் மின்னும் தோல் என்று முதலில் முடிவாகிவிடும். பிறகு அதற்குக் கீழே ஒரு தண்டும் நாலு இலையும் ஒட்டவைக்கப்படும். படிக்கிறவர் மதுரைப் பக்கத்து ஆளாக இருந்தால் இரண்டாவது பத்தியிலேயே பிடித்துவிடுவார். இந்த மரம் எந்த மழையைக் குடித்தது, எந்த மாசம் காய்த்தது, கொட்டையை யார் கொண்டுபோய்ப் போட்டார் என்று கேட்டால் எழுதியவரிடம் பதில் இருக்காது.

மரத்தை அடியிலிருந்து கட்ட வேண்டும். மண், தண்ணீர், பழத்தைத் தின்று கொட்டையை வேறிடத்தில் போடும் வாய், இந்த மூன்றும் முடிவானால் நிறமும் அளவும் சுவையும் பாதிக்கு மேல் தாமாகவே முடிவாகிவிடும். இங்கே சாமப்பாலை என்று ஒரு மரத்தை முதலிலிருந்து செய்துகாட்டுகிறோம். அது ஒன்றுதான் கற்பனை. மற்றபடி கீழே வரும் மரங்களும் பறவைகளும் ஊர்களும் உள்ளவையே.

தேவையானவை: ஒரு நாற்பது பக்க நோட்டு, ஸ்கேல், தமிழ் மாதம் போட்ட காலண்டர், கால்குலேட்டர், ஒரு கைப்பிடிக் களிமண்.

இடத்தை நெருக்கிப் பிடியுங்கள்

'மதுரைப் பக்கம்' என்று எழுதினால் போதாது. திருமங்கலம், கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி கரிசல் பூமி. மழையில் பசையாக ஒட்டும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிக்கும்போது மேல்வேரெல்லாம் அறுபடும். அங்கே நிற்கிற மரத்துக்கு ஆழ வேர் வேண்டும். மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனம் உண்டு. வயல் வரப்பில் நிற்கும் மரத்துக்கு மழை இல்லாத நாளிலும் கொஞ்சம் ஈரம் கிடைக்கும். கண்மாய்க்குள் நிற்கிற மரம் என்றால் கார்த்திகையிலிருந்து தை வரை அடிமரம் தண்ணீரில் நிற்க வேண்டும். நாட்டுக் கருவேல், நாவல், மருது தாங்கும். பப்பாளி இரண்டு நாள் தண்ணீர் கட்டினாலே சாய்ந்துவிடும்.

சாமப்பாலைக்கு எடுத்த இடம் அழகர்மலையின் அடிவாரம், பாறைச் சரிவு முடிந்து செம்மண் தொடங்கும் வரம்பு. இரண்டடி மண், அதற்குக் கீழே உளுத்த பாறை. வேர் பாறை விரிசலுக்குள் இறங்கினால்தான் பிழைப்பு.

பழங்காலக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாண்டியர் காலத் தோட்டத்தில் கொய்யா, சப்போட்டா, பப்பாளி, முந்திரி, கொடுக்காப்புளி எதையும் நட்டுவிடாதீர்கள். ஐந்தும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துக்கீசியர் கப்பல் இந்தப் பக்கம் வந்த பிறகுதான் அவை வந்தன. உங்கள் கற்பனை மரத்தை 'கொய்யா போல' என்று அந்தக் காலத்துப் பாத்திரம் ஒன்று சொன்னால் அங்கேயே கதை ஒழுகும். நாவல், விளா, இலந்தை, பாலை, இலுப்பை போல என்று சொல்லவிடுங்கள்.

தண்ணீர் வரவு செலவு

மதுரையில் ஆண்டு மழை சராசரியாக 850 மி.மீ. சுற்றுவட்டத்தில் இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிடும். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை உண்டு. தை முதல் பங்குனி வரை வானம் பொய்யாகவே இருக்கும். சித்திரை, வைகாசியில் கோடைமழை வந்தால் வந்தது.

இதை மரத்துக்குக் கணக்காக்குங்கள். கிளை விரிவு குறுக்களவில் 6 மீட்டர் என்றால் நிழல் விழும் பரப்பு சுமார் 28 சதுர மீட்டர். 850 மி.மீ. மழையில் அந்தப் பரப்பில் விழுவது 24,000 லிட்டர் சொச்சம். சரிவில் ஓடுவதும் ஆவியாவதும் போகப் பாதி வேருக்குக் கிடைத்தால் பெரிய காரியம். 12,000 லிட்டரை வைத்து ஒரு வருஷம் ஓட்ட வேண்டும், அதுவும் தை முதல் மூன்று மாசம் புதிய வரவு இல்லாமல்.

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். 'வறண்ட காடு, அதனால் பழம் சின்னது, சாறு குறைவு' என்று எழுதுவார்கள். பழத்தில் போகும் தண்ணீர் அற்பம். இருபது கிலோ பழத்தில் இருப்பது பதினைந்து, பதினாறு லிட்டர்தான். உண்மையான செலவாளி இலை. அதனால் வறட்சியை இலையில் காட்டுங்கள். இரண்டு வழி உண்டு. பாலை மரம் மாதிரி சின்ன, தடித்த, தோல் போன்ற இலையை வருஷம் முழுக்க வைத்திருக்கலாம். அல்லது இலுப்பை மாதிரி மாசி, பங்குனியில் மொத்தமாக உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கலாம். சாமப்பாலை உதிர்க்கிற ஜாதி. முதலில் தடித்த இலையும் கொடுத்து, உதிர்க்கவும் வைத்திருந்தோம். அது வீண்செலவு. தடித்த இலை செய்ய மரத்துக்குச் சத்து நிறையப் பிடிக்கும். அதைப் பத்து மாசத்தில் தூக்கிப்போடுகிற மரம் நஷ்டத்தில் ஓடும். ஆகவே இலையை மெல்லியதாக்கினோம்: 9 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், கிளை நுனியில் கொத்தாக. கொழுந்து செம்பு நிறம்.

வம்சம்

கற்பனை மரத்துக்கும் சொந்தபந்தம் வேண்டும். ஒரு குடும்பத்தில் சேர்த்துவிட்டால் பத்து விவரம் இலவசமாகக் கிடைக்கும். எலுமிச்சை, விளா, வில்வம் குடும்பம் என்றால் இலையைக் கசக்கினால் மணக்க வேண்டும், வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளி தெரிய வேண்டும். நாவல் குடும்பம் என்றால் இலை எதிரெதிராக வரும், பூவில் கேசரம் (மகரந்தம் தாங்கும் இழை) குச்சம் குச்சமாக நிற்கும். புளி, கொடுக்காப்புளி வகை என்றால் காய் நெற்றாக இருக்கும், பால் வராது. மா, முந்திரி, சேராங்கொட்டை குடும்பத்தில் காம்புப் பால் சிலர் தோலைப் புண்ணாக்கும். அத்தி வகையில் பூவே வெளியே தெரியாது, காய்க்குள்ளே பூத்து, அதற்கென்றே உள்ள குளவி நுழைந்து மகரந்தம் சேர்க்கும்.

இலையில் எலுமிச்சை மணம், பட்டையில் பால், கிளையில் நெற்று என்று மூன்று குடும்பத்தைக் கலந்தால் மரம் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

சாமப்பாலை இலுப்பை, பாலை, மகிழம், சப்போட்டா குடும்பம். அதனால் கேட்காமலே வந்தவை: வெட்டினால் வெள்ளைப் பால், கிளை நுனியில் இலைக்கொத்து, தொங்கும் வெளிர்மஞ்சள் பூ, பளபளவென்று பழுப்புநிறக் கொட்டை, கொட்டையின் ஒரு ஓரத்தில் பளபளப்பில்லாத தழும்பு. சப்போட்டாக் கொட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள், அந்தத் தழும்பு தெரியும். இந்த ஒன்றை எழுதினாலே தெரிந்தவர் தலையாட்டுவார். உறவு காட்ட இன்னொரு வழியும் உண்டு: சப்போட்டாவைப் பாலைக் கன்றில்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள். சாமப்பாலைக் கன்றிலும் ஒட்டு பிடிக்கும் என்று ஒரு நர்சரிக்காரர் கதையில் சொல்லிவிட்டுப் போகலாம்.

யார் தின்பது?

மற்றதில் ஒரு மணி நேரம் போனால் இதில் ஒரு நாள் செலவழியுங்கள். பழம் என்பது மரம் கொடுக்கும் கூலி. யாருக்குக் கூலி என்று முடிவானால் நிறம், மணம், அளவு, தொங்கும் இடம், கொட்டையின் கடினம் எல்லாம் அதிலிருந்து வரும்.

பறவைக்கு என்றால் சிவப்பு, கறுப்பு, ஊதா, மணம் தேவையில்லை, முழுசாக விழுங்கும்படி சின்னதாக. கொண்டைக்குருவி வாய்க்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பழம்தான் சரி. குக்குறுவானும் குயிலும் இன்னும் கொஞ்சம் பெரியதை விழுங்கும். குரங்குக்கு என்றால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு, உரிக்கத்தக்க தோல், வழுக்கிற சதை. அழகர்கோயில் குரங்குகள் கன்னப்பையில் அடக்கிக்கொண்டுபோய் வேறிடத்தில் உட்கார்ந்து கொட்டையைத் துப்பும். மரநாய்க்கு என்றால் நல்ல இனிப்பு. கொட்டை முழுசாக எச்சத்தில் வந்து, பாறை மேல் குவியலாகக் கிடக்கும். ஆட்டுக்கு என்றால் நெற்று, கல் போன்ற விதை. ஆட்டுப் பட்டியில் பொறுக்கின கருவேல விதை நன்றாக முளைக்கும் என்பது இங்கே விதை சேகரிக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

சாமப்பாலை வௌவாலுக்கு. வௌவால் இருட்டில் வருவதால் சிவப்பு நிறம் வீண். பழுத்தாலும் பச்சை கலந்த மங்கிய மஞ்சள்தான். நிறத்துக்குப் பதில் மணம்: பத்தடி தூரத்தில் மூக்கைத் தொடும், ஊறவைத்த அரிசியும் வெல்லமும் கலந்த மாதிரி ஒரு புளித்த வாடை. பழம் இலைக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. வௌவால் பறந்தபடியே கவ்வ வேண்டும் என்பதால் நீண்ட காம்பில் இலைக்கொத்துக்கு வெளியே தொங்கும்.

முதல் வரைவில் பழத்தின் குறுக்களவு 4 செ.மீ. உருண்டையின் கனஅளவு அப்போது சுமார் 33 கன செ.மீ.; பழம் ஏறக்குறைய தண்ணீர் கனம்தான் என்பதால் எடையும் 33 கிராம். இங்கே அதிகம் காணப்படும் சிறிய பழந்தின்னி வௌவாலின் எடையே ஏறக்குறைய 50 கிராம்தான். தன் எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் தூக்கிக்கொண்டு பறக்க வைப்பது அநியாயம். 3 செ.மீ. ஆக்கினோம். கனஅளவு 14 ஆக விழுந்தது. ஒரு சென்டிமீட்டர் குறைத்ததற்கு எடை பாதிக்கும் கீழே போகிறது. அளவை மாற்றும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 'பெரிய எலுமிச்சை அளவு' என்று சும்மா எழுதிவிட்டுப் பிறகு குருவி தூக்கிக்கொண்டு பறப்பதாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சின்ன வௌவால் பழத்தை மரத்திலேயே உட்கார்ந்து தின்னாது. கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் போய், தலைகீழாகத் தொங்கி, சதையை மென்று சாற்றை உறிஞ்சி, சக்கையையும் கொட்டையையும் கீழே போடும். ஆகவே சாமப்பாலைக் கன்றுகள் தாய்மரத்தடியில் இருக்காது. ஆலமரத்தடி, பனையடி, பாழடைந்த மண்டபத்து வாசல், இப்படி வௌவால் தங்குமிடத்துக்குக் கீழேதான் கொத்தாக முளைத்திருக்கும். மரத்தைத் தேடிப் போகும் பாத்திரம் வௌவால் மண்டபத்தைத் தேடினால் போதும். இப்படிக் கதைக்கே ஒரு முடிச்சு கிடைத்துவிடும்.

மாதக் கணக்கு, அதில் நடந்த தப்பு

நோட்டில் பன்னிரண்டு மாசத்துக்குக் கட்டம் போட்டு இலை, பூ, காய், பழம், முளை என்று ஐந்து வரி இழுங்கள்.

மாசியில் இலை பழுத்து, பங்குனியில் மரம் மொட்டை. பங்குனிக் கடைசியில் கொழுந்தும் மொட்டும் சேர்ந்து வரும். சித்திரையில் பூ. இரவு எட்டு மணிக்கு மேல் விரிந்து, விடிவதற்குள் சதைப்பற்றான இதழ்க்குழல் உதிரும். இலுப்பைப் பூவைப் பொறுக்கின தலைமுறைக்கு இது புதிதில்லை. சித்திரைப் பௌர்ணமிக்கு அழகர் மலையிலிருந்து இறங்கி வரும் நாட்களில் மலையடியில் மரம் பூத்திருக்கும். ஊர்க்காரர்கள் பூவையும் அழகரையும் முடிச்சுப் போட்டுப் பேசாமல் இருக்கமாட்டார்கள், அதையும் எழுதிவையுங்கள்.

பழுப்பதை முதலில் ஆனியில் வைத்திருந்தோம், இலுப்பையைப் பார்த்து. மற்ற வரிகளைப் போடும்போதுதான் இடித்தது. இந்தக் குடும்பத்து எண்ணெய்க் கொட்டை நெடுநாள் தாங்காது. நம் மரத்துக்கு மூன்று வாரம் என்று வைத்திருந்தோம். ஆனிக் கடைசியில் விழுந்த கொட்டை ஆடிக் காற்றில் காய்ந்து, ஐப்பசி மழை வருவதற்குள் செத்துவிடும். நாவல் கொட்டையும் சீக்கிரம் சாகிற ரகம்தான்; ஆனால் அது ஆற்றங்கரை, கண்மாய்க்கரை மரம், கீழே ஈரம் இருக்கும். மலையடிச் செம்மண்ணில் அந்த வசதி கிடையாது.

சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. கொட்டைக்கு இலந்தை மாதிரிக் கல் ஓடு கொடுப்பது ஒன்று. குடும்ப லட்சணம் கெடும். பழுப்பதைப் புரட்டாசிக்குத் தள்ளுவது இன்னொன்று. தள்ளினோம். பூவுக்கும் பழத்துக்கும் இடையில் ஐந்து மாசம். புரட்டாசியில் பழம், இடிமழை ஈரத்தில் கொட்டை வாய்விடும், ஐப்பசி அடைமழையில் வேர் இறங்கும், தைக்குள் நாலு இலை. மாசி வெயிலைத் தாங்க அந்த வேர் குறைந்தது ஒன்றரை அடி போயிருக்க வேண்டும். மழை பொய்த்த வருஷத்தில் ஒரு கன்றும் மிஞ்சாது. அதனால் காட்டில் ஒரே வயதுக் கன்றுகள் கும்பலாக நிற்கும், இடையில் சில வயது அடியோடு காணாமல் இருக்கும்.

பழத்தை அறுத்துப் பாருங்கள்

களிமண்ணில் 3 செ.மீ. உருண்டை பிடித்துக் கையில் வைத்துக்கொண்டே இதை எழுதுங்கள். மொத்தம் 14 கிராம். தோல் 2, கொட்டை 3, சதை 9. ஒரே கொட்டை. பிரித்துக் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். பாதிப் பேருக்கு வருவதில்லை; இரண்டு பெரிய கொட்டையும் தடித்த தோலும் போட்டபின் சதைக்கு இடமே இருக்காது.

செங்காயைக் குறுக்கே கத்தியால் அறுத்தால் தோலுக்கும் சதைக்கும் நடுவே வட்டமாகப் பால்துளி பூக்கும், வேர்வை அரும்புகிற மாதிரி. இரண்டு நிமிஷத்தில் அது ஒட்டும் நூலாகிவிடும். கத்தியைத் தண்ணீரில் கழுவினால் போகாது, எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். அந்தக் காயைக் கடித்த பிள்ளைக்கு உதடு ஒட்டிக்கொள்ளும், நாக்கு தடிக்கும். பழுக்கப் பழுக்கப் பால் குறையும், துவர்ப்பு அடங்கும். முழுப்பழத்தின் சதை நீர் கோத்த மஞ்சள், சப்போட்டா மாதிரி நறநறப்பு, தோலை ஒட்டி மட்டும் மெல்லிய துவர்ப்பு. கொட்டையைச் சுற்றிய பகுதிதான் அதிக இனிப்பு. ஒரு நாள் தாண்டினால் கள் வாடை.

'தேனாக இனித்தது' என்பது சுவை வர்ணனை ஆகாது. நன்றாகப் பழுத்த மாம்பழச் சாறு, இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரில் 15 முதல் 20 வரை காட்டும். உங்கள் பழத்தை அந்த அளவில் எங்கேயாவது வையுங்கள். சாமப்பாலைக்கு 18. பிறகு இனிப்பை விட்டுவிட்டு வாயில் நடப்பதை வரிசையாக எழுதுங்கள்: முதலில் எது, விழுங்கிய பிறகு எது, பல்லில் ஒட்டுவது எது.

மகசூலுக்கும் தலையில் ஒரு கணக்கு வேண்டும். பூத்ததில் நூற்றுக்கு ஒன்றுகூட முழுப் பழமாவதில்லை, மாமரத்திலும் அப்படித்தான். 6 மீட்டர் விரிவுள்ள மரத்துக்கு 1,500 பழம் என்று வைத்தோம், 21 கிலோ. வௌவாலும் அணிலும் பாதி கொண்டுபோகும். மனிதன் கைக்கு வருவது பத்துக் கிலோ.

குறை வையுங்கள்

நோய் இல்லாத, வருஷா வருஷம் காய்க்கிற, முள் இல்லாத, நிழலும் தருகிற மரம் நோட்டீஸில்தான் இருக்கும். சாமப்பாலைக்கு வைத்த குறைகள்: ஒரு வருஷம் அள்ளிக் காய்த்தால் மறுவருஷம் ஓய்ந்துவிடும். சித்திரையில் கோடைமழை இரவில் அடித்தால் பூ மொத்தமும் கீழே. கிளையில் புல்லுருவி ஏறும். பூக்கொத்திக் குருவி அதன் பழத்தைத் தின்று, ஒட்டுகிற விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போவதால் ஒரு மரத்தில் வந்தால் பக்கத்து மரத்துக்கும் வரும். கவனிக்காத மரம் பத்து வருஷத்தில் பாதி தன் இலை, பாதி புல்லுருவி இலை என்று நிற்கும். வளர்ச்சி மெதுவு, விதைபோட்டுப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் முதல் காய். அடிமரச் சுற்றளவு வருஷத்துக்கு இரண்டரை செ.மீ. கூடினால், ஒன்றரை மீட்டர் சுற்றுள்ள மரத்துக்கு அறுபது வயது. 'தாத்தா நட்ட மரம்' என்று எழுதும்போது இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு எழுதுங்கள்.

குறை எப்போதும் மரத்தின் குணத்திலிருந்து வர வேண்டும். திடீரென்று ஒரு சாபமோ மர்ம நோயோ கொண்டுவருவது சோம்பேறித்தனம்.

பெயர்

அறிவியல் பெயர் கட்டாயமில்லை. வைத்தே ஆக வேண்டும் என்றால் பேரினம், சிற்றினம் என்று இரண்டு சொல். சிற்றினப் பெயர் இலையையோ காயையோ ஊரையோ குறிக்கலாம். 'ஃபோலியா' என்று முடிந்தால் இலை, 'கார்ப்பா' என்றால் காய், 'என்சிஸ்' என்றால் ஊர். உண்மையான பேரினப் பெயரில் ஒட்டினால் நாளைக்கு யாராவது தேடிக் குழம்புவார்கள். பேரினத்தையும் கற்பனையாகவே வையுங்கள்.

தமிழ்ப் பெயருக்குத்தான் உழைக்க வேண்டும். நம் ஊரில் மரப்பெயர் கட்டுகிற முறை ஒன்று உண்டு. தெரிந்த மரத்தின் பெயரை எடுத்து முன்னால் ஒரு சொல் போடுவார்கள்: கருவேல், வெள்வேல், குடைவேல்; பேயத்தி; வெளியூரிலிருந்து வந்ததென்றால் சீமைக்கருவேல். நரி, பேய், நாய் முன்னால் வந்தால் மனிதன் தின்ன லாயக்கில்லை, அல்லது மட்டரகம் என்று அர்த்தம் தொனிக்கும். பாலையின் சாயல், சாமத்தில் பூத்து சாமத்தில் விழுவது என்பதால் சாமப்பாலை. சங்கத்தமிழ் தொனியில் அழகாக ஒரு பெயர் வைத்துவிட்டு ஊரே அப்படிக் கூப்பிடுவதாக எழுதாதீர்கள். ஊர் சுருக்கும், கேலி செய்யும். பிள்ளைகள் இதை 'ஒட்டுவாயன்' என்பார்கள், உதடு ஒட்டுவதால். வியாபாரி 'சாமப்பழம்' என்பார். மூன்று பெயரையும் எழுதிவைத்து யார் வாயில் எது வரும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

விளாச்சேரி, இலந்தைக்குளம், ஆலம்பட்டி, பனையூர், மாங்குளம் என்று மதுரையைச் சுற்றி மரத்தின் பெயர் ஏறிய ஊர்கள் நிறைய. உங்கள் மரம் பழையதென்றால் கதையில் ஒரு சாமப்பாலைப்பட்டி இருக்கத்தான் வேண்டும், இன்றைக்கு அங்கே ஒரு மரம்கூட மிச்சமில்லாவிட்டாலும்.

ஊர் அதை என்ன செய்கிறது

பழம் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் வியாபாரத்தை முடிவுசெய்யும். இரண்டு நாளில் கள் வாடை அடிக்கிற பழம் மாட்டுத்தாவணி பழமார்க்கெட்டுக்கு லாரியில் போகாது. மலையடிக் கிராமத்துப் பெண்கள் விடியலில் பொறுக்கி, ஓலைப்பெட்டியில் வேப்பிலை போட்டு மூடி, அழகர்கோயில் சாலையோரம் கூறு கட்டி விற்பார்கள். கிலோக் கணக்கு இல்லை. கூறு முப்பது ரூபாய், சாயங்காலம் ஆனால் இருபது. செங்காயாகப் பறித்து வைக்கோலில் மூட்டம் போட்டால் நாலு நாள் தாங்கும், ஆனால் கொட்டையோரத்து இனிப்பு வராது. வாங்குகிறவர் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்.

கொட்டையில் எண்ணெய் உண்டு, விளக்குக்கு ஆகும். கட்டை கனம், செக்கு உலக்கை, கலப்பை மேழிக்கு. கோயில் காட்டுக்குள் நிற்பதை யாரும் வெட்டமாட்டார்கள், வெளியே நிற்பது வெட்டுப்பட்டுத் தீர்ந்திருக்கும். அதனால் பெரிய மரங்கள் சாமி இருக்கிற இடத்தில் மட்டும்.

மருத்துவ குணம் பற்றி ஒரு கண்டிப்பு. கற்பனை மரமாகவே இருந்தாலும் 'சர்க்கரை நோயைத் தீர்க்கும்' என்று எழுதாதீர்கள். அந்த ஒரு பத்தி மட்டும் கத்தரிக்கப்பட்டு வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கும். யாராவது வேறு ஏதோ ஒரு பாலடிக்கும் காயை அரைத்துக் குடிப்பார்கள். பாட்டி வைத்தியம் வேண்டுமென்றால் பலிக்காத வைத்தியமாக வையுங்கள், பாத்திரங்கள் அதைப் பற்றிச் சண்டை போடட்டும்.

கடைசிச் சோதனை

நோட்டை மரம் ஏறத் தெரிந்த ஒருவரிடமோ பழக்கூடைக்காரரிடமோ படித்துக் காட்டுங்கள். கற்பனை என்று சொல்லிவிட்டே படியுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இவையாக இருக்கும்: கிளை ஆளைத் தாங்குமா? கொக்கியால் பறித்தால் பழம் சிதறுமா? எறும்பு உண்டா? போன வருஷம் காய்த்ததா? பதில் நோட்டில் இல்லையென்றால் எழுதிச் சேருங்கள். சாமப்பாலைக்கு எறும்பு விட்டுப்போயிருந்தது. இனிப்புச் சதையும் உதிர்ந்த பூவும் இருக்கிற மரத்தடியில் கட்டெறும்பு இல்லாமல் எப்படி?

விளையாட்டு செய்கிறவர்கள் கொழுந்து, பூ, செங்காய், பழம், மொட்டை என ஐந்து படம் வரைந்து மாசத்தோடு கட்டிவிட்டால் வேலை முடிந்தது. கதை எழுதுகிறவர்கள் நோட்டில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கதைக்குள் விடாதீர்கள். 'சாமப்பாலை என்பது அழகர்மலை அடிவாரத்தில் வளரும் அரிய மரம், அதன் பழம் மிகவும் இனிப்பானது' என்று தொடங்குவதை விட, நோட்டைத் தெரிந்துவைத்திருக்கிற கை இப்படி எழுதும்:

'மண்டபத்துக்குள் காலை வைத்ததும் செருப்பு ஒட்டியது. குனிந்து பார்த்தாள். மென்று துப்பின சக்கை, நடுவில் பளபளவென்று ஒரு கொட்டை. புரட்டாசி பிறந்துவிட்டது.'